கெமிஸ்தமும் தையல் மெஷினும்

(வெள்ளவத்தையில் நிகழ்த்திய நினைவு அறக்கட்டளைச் சொற்பொழிவு)



யார் நினைவாக இங்கே கூடியிருக்கிறோமோ, அவரிடம் நான் இலக்கணம் படித்தவன். தம்மைப் பற்றி ஒருவர் இரண்டு நிமிடத்துக்கு மேல் பேசினால் எழுந்து யன்னலைத் திறக்கப் போய்விடும் மனிதர் அவர். விளக்கேற்றியாயிற்று, மாலையிட்டாயிற்று. அந்தக் கடமை நிறைவேறியதாக வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

நான் எதைப் பேசப்போகிறேன் என்பது முன்வரிசையில் இருக்கும் நாலைந்து பேருக்காவது தெரியும். அவர்களில் மூவருடன் பதினேழு வருஷமாக ஆசிரியர் ஓய்வறையில் தேத்தண்ணீர் ஆறிப்போகும்வரை இதையே வாதாடியிருக்கிறேன். அங்கே இடையில் மணி அடித்துவிடும். இன்றைக்கு மணி என் கையில்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். கொட்டாஞ்சேனையில் ஒரு சிறிய கிறிஸ்தவக் கல்லூரி. கீழ்மாடியில் தையல், மின் வயரிங், கணினி. மேல்மாடியில் ஆங்கிலம், சிங்களம், கொஞ்சம் தமிழ். கீழே படிப்பவர்கள் நீர்கொழும்பிலிருந்தும் மட்டக்குளியிலிருந்தும் பஸ் ஏறி வரும் பிள்ளைகள். தோட்டப்புறத்திலிருந்து வந்து உறவினர் வீட்டில் தங்கிப் படித்தவர்களும் இருந்தார்கள். மேலே பாடம் சொன்னவர்களில் நானும் ஒருவன். கீழுக்கும் மேலுக்கும் இருபத்திரண்டு படிகள். என் சண்டை முழுவதும் அந்தப் படிகளைப் பற்றியதுதான்.

ஒரு நண்பரின் கட்சி: முதலில் ஆங்கிலம், பிறகு தொழில். மூன்று மாதம் மேலே இருந்துவிட்டுத்தான் பிள்ளை கீழே இறங்க வேண்டும். இன்னொரு நண்பரின் கட்சி: தொழில் தமிழில்தான் நடக்க வேண்டும், அதற்கு முதலில் ஒரு கலைச்சொற் குழு அமைப்போம். குழு அமைந்தது. பொபினுக்கு மூன்று சொல் கண்டுபிடித்தது. தையல் ஆசிரியை மூன்றையும் வாங்கி மேசை லாச்சியில் வைத்துவிட்டு, "பிள்ளை, அந்தப் பொபினை எடு" என்றார்.

இருவரும் எதிரெதிர் துருவம் என்று எல்லோரும் நினைத்தார்கள். எனக்கு இருவரும் ஒரே கட்சியாகத்தான் தெரிந்தார்கள். மொழி என்பது வேறெங்கோ தயாராகி, பெட்டியில் அடைத்து, பட்டறைக்கு இறக்கப்படும் சாமான் என்பதில் இருவருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. வேடிக்கை என்னவென்றால், இருவரும் சாட்சிக்கு அழைப்பது ஒரே ஆளைத்தான்: மானிப்பாய் டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன். ஆங்கிலக்காரர் சொல்வார்: "கிறீன் தமிழில் வைத்தியம் படிப்பித்தார், என்ன ஆயிற்று? தோற்றுப்போயிற்று." தமிழ்க்காரர் சொல்வார்: "கிறீனால் முடிந்தது, உன்னால் ஏன் முடியாது?" ஆகவே கிறீனிடமே போவோம்.

1822 இல் அமெரிக்காவின் மாசச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரரில் பிறந்தவர். நியூயோர்க்கில் வைத்தியம் படித்து, அமெரிக்கன் மிஷன் அனுப்ப, 1847 இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் ஒரு மருந்துச்சாலை. வந்த மறு வருஷமே மாணவர்களைச் சேர்த்துக்கொண்டார். அந்த முதல் வகுப்புகள் ஆங்கிலத்தில்தான் நடந்தன. இதை இரண்டு நண்பர்களும் மறந்துவிடுவார்கள். தமிழ்ப் பற்றோடு கப்பலிலிருந்து இறங்கியவரல்லர் அவர். 1850களில் தமிழில் மருத்துவ நூல் ஆக்கத் தொடங்கினார். ஊருக்குப் போய் 1862 இல் திரும்பிய பிறகே, 1860களின் நடுப்பகுதியில், வகுப்பு முழுவதையும் தமிழுக்கு மாற்றினார். 1873 இல் நாட்டை விட்டுப் போகும்போது அவரிடம் பயின்றவர்கள் அறுபது பேருக்கு மேல். தமிழில் அச்சான மருத்துவப் பக்கங்கள் நாலாயிரத்தைத் தாண்டும்.

ஏன் மாற்றினார்? அதைப் பார்க்க வட்டுக்கோட்டை வரை ஒரு நடை போக வேண்டும். அங்கே 1823 இல் அதே அமெரிக்கன் மிஷன் தொடங்கிய செமினரி கணிதம், வானியல், தர்க்கம் என்று அந்தக் காலத்து ஆசியாவிலேயே அரிதான பாடங்களை ஆங்கிலத்தில் சொல்லிக்கொடுத்தது. படித்த பையன்கள் ஊழியத்துக்குப் போகவில்லை, உத்தியோகத்துக்குப் போனார்கள். 1855 இல் பொஸ்ரனிலிருந்து மிஷனின் செயலாளர் றூபஸ் அண்டர்சன் வந்து பார்த்தார். ஆங்கிலம் பையன்களைக் கோயிலிலிருந்து கச்சேரிக்கு ஏற்றி அனுப்புகிறது என்று கண்டார். அந்த வருஷமே செமினரி மூடப்பட்டது. பிறகு ஊரார் கேட்டுக் கேட்டு, 1872 இல்தான் யாழ்ப்பாணக் கல்லூரி என்ற பெயரில் அந்த இடத்தில் மறுபடி மணி அடித்தது.

அதே மிஷனின் வைத்தியர் கிறீன். அவருடைய கணக்கும் ஓரளவு அதேதான். ஆங்கிலத்தில் படித்த வைத்தியன் அரசாங்கச் சம்பளத்துக்குப் போய்விடுவான். தமிழில் படித்தவன் கிராமத்தில் நிற்பான். என் தமிழ்க்கட்சி நண்பருக்கு இதைச் சொன்னால் முகம் சுருங்கும். இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும்: கிறீனின் தமிழ் ஓர் ஏணியாக இருந்த அளவுக்கு ஒரு கட்டுத்தறியாகவும் இருந்தது. மாணவன் வேட்டியை விட்டுக் காற்சட்டைக்கு மாறுவதை அவர் விரும்பவில்லை. நாட்டுப் பண்பு கெடக்கூடாது என்ற நல்லெண்ணம் அதில் உண்டு. மாணவன் எங்கே நிற்க வேண்டும் என்பதை ஆசிரியர் தீர்மானிப்பதும் அதில் உண்டு.

இனி அந்தப் புத்தகங்களைக் கையில் எடுப்போம். கற்றர் என்பவர் ஆங்கிலத்தில் எழுதிய உடற்கூற்று நூல் 'அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்' ஆயிற்று. 1867 இல் 'இரணவைத்தியம்', 1872 இல் 'மனுஷ அங்காதிபாதம்', 1875 இல் 'கெமிஸ்தம்', 1883 இல் 'மனுஷ சுகரணம்'. கடைசி இரண்டும் அவர் ஊர் திரும்பிய பின் வந்தவை. அங்கே போயும் மனிதர் இந்த வேலையை விடவில்லை. 1884 இல் வூஸ்ரரிலேயே இறந்தார். தமிழருக்கான மருத்துவ ஊழியர் என்று கல்லறையில் பொறிக்கச் சொல்லியிருந்தார்.

அங்காதிபாதம் என்ற சொல்லை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பாதாதிகேசம் பாடிப் பழகிய ஊரின் காதுக்கு இது அந்நியமாகப் படாது. உடம்பை அங்கம் அங்கமாக, ஒழுங்காகப் பார்த்து இறங்குவது என்ற பொருளைச் சொல்லே நடித்துக் காட்டுகிறது. இப்போது கெமிஸ்தம். கெமிஸ்ற்றியைப் பிடித்து, வாலைக் கொஞ்சம் நறுக்கி, 'அம்' என்று ஒரு தமிழ் வாலை ஒட்டிவிட்டார்கள். எங்கள் கலைச்சொற் குழு இதைக் கண்டிருந்தால் மூர்ச்சை போட்டிருக்கும்.

இந்த இரண்டு சொல்லும் ஒரே ஆளின் மேற்பார்வையில் வந்த நூல்களில் இருப்பதுதான் கவனிக்க வேண்டியது. கிறீனுக்கு ஒரு வரிசை இருந்தது. தமிழில் புழங்கும் சொல் இருந்தால் அது. இல்லாவிட்டால் சமஸ்கிருதம். அதுவும் சரிவராவிட்டால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில். நாட்டு வைத்தியன் உடம்பை ஏற்கெனவே அறிவான். அதனால் உடம்புக்குச் சொல் இருந்தது. ஆய்வுகூடத்துச் சீசாவை ஊரில் யாரும் கண்டதில்லை, அதனால் கெமிஸ்தம். கொள்கை கைச்சரக்கைப் பார்த்து நடந்தது.

அடுத்தது, மொழிபெயர்த்தது யார்? பெரும் பங்கு மாணவர்களுடையது. கிறீன் மேற்பார்த்தார், திருத்தினார், சொற்றொகுதிகளைத் தனியே அச்சிட்டார். அந்த மாணவன் எங்கே நிற்கிறான் என்று எண்ணிப் பாருங்கள். காலையில் மருந்துச்சாலைத் திண்ணையில் ஒரு கிழவி வந்து "நாரிப்பிடிப்பு" என்பாள், "வயித்துளைவு" என்பாள். மாணவன் அதைக் காதில் வாங்க வேண்டும், கையால் தொட்டுப் பார்க்க வேண்டும், துரைக்குச் சொல்ல வேண்டும், மாலையில் ஆங்கிலப் புத்தகத்தில் அதற்கு நேரான பக்கத்தைத் தமிழாக்க வேண்டும். நாரி எது, இடுப்பு எது, முள்ளந்தண்டு எது என்று அவனுக்கு அகராதி சொல்லவில்லை. அந்தக் கிழவி சொன்னாள். ஒரே நாளில் அவன் வைத்தியம் படித்தான், ஆங்கிலம் படித்தான், தன்னுடைய தமிழையும் படித்தான். மூன்றுக்கும் ஒரே திண்ணை. இருபத்திரண்டு படி ஏறிப் போகவில்லை.

அப்படியானால் ஏன் நிலைக்கவில்லை? ஆங்கிலக்கட்சி நண்பர் இதைத்தான் ஓங்கிக் கேட்பார். விடை மானிப்பாயில் இல்லை, கொழும்பில் இருக்கிறது. 1870 இல் இந்த நகரத்தில் அரசாங்க வைத்தியப் பாடசாலை திறந்தது. பாடம் ஆங்கிலம், தராதரப் பத்திரம் ஆங்கிலம், சம்பளப் பட்டியலும் ஆங்கிலம். மானிப்பாய்ப் பையனுக்குக் காய்ச்சலைப் பார்க்கத் தெரியும். அவன் கையிலிருந்த கடதாசியை மாற்றிக் காசாக்க ஒரு கவுண்டர் இல்லை. நூறு ரூபாய்த் தாள் செல்லாது என்று அரசாங்கம் அறிவித்தால், அச்சடித்த காகிதம் தரக்குறைவானது என்றா சொல்வோம்? கிறீனின் வகுப்பு தமிழால் தோற்கவில்லை. கதவு அவருடையதாக இருக்கவில்லை.

இதிலிருந்து இரண்டு நண்பருக்கும் என் பதில். தொழிலைப் பிள்ளையின் மொழியில் சொல்லிக்கொடுத்தால் அது கையில் நிற்கும். ஆனால் அந்த ஒரு மொழியோடு விட்டுவிட்டால் பிள்ளையும் அங்கேயே நிற்கும். மற்ற மொழிகளைப் படிப்பிக்க வேண்டும். அதைத் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் நின்று படிப்பிக்க வேண்டும்.

ஒரு வருஷம், அதிபர் விடுமுறையில் இருந்த சமயம் பார்த்து, இதைச் செய்து பார்த்தேன். சிங்கள வகுப்பைக் கீழே இறக்கினேன். பிள்ளைகளின் கொப்பியில் முதல் நாள் விழுந்த சொற்கள்: நூலுக்குச் சிங்களத்தில் 'நூல'. கத்தரிக்கோலுக்குக் 'கத்துர'. சட்டைக்கு 'ஹெட்டய', நம் சட்டைதான் அங்கே போய் அப்படி ஆயிற்று. வீட்டில் அம்மம்மா தெறி என்று சொல்வது 'பொத்தம'. நம் பொத்தானும் அதுவும் போர்த்துக்கீசர் விட்டுச்சென்ற ஒரே வீட்டுப் பிள்ளைகள். மேல்மாடியில் நாலு மாதம் வாய் திறக்காத ஒரு பிள்ளை, "சேர், அப்ப இது பாதி எங்கட பாஷைதானே" என்றாள். அடுத்த கிழமையே மெயின் வீதிக் கடையொன்றில் சிங்களம் பேசி நூல்கண்டு வாங்கி வந்தாள். மிச்சக் காசும் சரியாக இருந்தது. அதிபர் திரும்பி வந்ததும் வகுப்பு மறுபடி மேலே ஏறியது; மெஷின் சத்தத்தில் மொழி படிப்பது ஒழுங்கல்லவாம்.

பிள்ளையின் மொழியில் தொடங்குவதும் தொழிலோடு மொழி படிப்பதும் கொட்டாஞ்சேனைக்குப் புதிதும் அல்ல. புனித பெனடிக்ற் கல்லூரியை நடத்திய தெ லா சால் சகோதரர்களின் சபையைத் தொடங்கியவர், பதினேழாம் நூற்றாண்டுப் பிரான்சில் ஏழைப் பிள்ளைகளுக்கு லத்தீனில் வாசிப்பைத் தொடங்கும் வழக்கத்தை விட்டுப் பிரெஞ்சில் தொடங்கியவர். பக்கத்திலேயே ஒல்லாந்தரின் வுல்பெண்டால் தேவாலயம். ஒல்லாந்தர் காலத்துக் கொழும்புச் செமினரி போதகர்களையும் உபதேசிமாரையும் உருவாக்க நடந்த ஒரு தொழிற்பாடசாலைதான். அங்கே படித்த பிலிப்பு தெ மெல்லோ திருத்திய தமிழ்ப் புதிய ஏற்பாடு 1759 இல் இதே கொழும்பில் அச்சாயிற்று. இதை விரித்தால் இன்னொரு அறக்கட்டளை வேண்டும்.

பரீட்சை பற்றியும் பேசத் திட்டமிட்டிருந்தேன். நேரம் இடம் தராது. தேசிய தொழில் தகைமை ஏழு மட்டங்களாக இருக்கிறது. அதன் செய்முறைச் சோதனையோடு மொழிச் சோதனையையும் ஏன் ஒரே மேசையில் வைக்கக்கூடாது என்பது என் கேள்வி. 2007 ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை, புதிதாக அரச சேவையில் சேர்பவர் ஐந்தாண்டுக்குள் மற்ற அரச கரும மொழியிலும் தேர்ச்சி பெற வேண்டும் என்றது. தனியார் கடையில் வேலைக்குப் போகும் நம் பிள்ளைக்கு அந்த ஐந்தாண்டு கிடையாது. திங்கட்கிழமை காலையே வாடிக்கையாளர் வந்துவிடுவார். ஆங்கிலம் பற்றி நான் எழுதி வைத்த ஆறு பக்கத்தையும் தாண்டிப் போகிறேன். நண்பர்கள் மகிழலாம்.

இனிச் செய்ய வேண்டியவை என்று குறித்து வைத்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கிறீன் நூல்களின் சொற்களை எல்லாம் சேர்த்து ஓர் அட்டவணை வேண்டும். எது தமிழ், எது வடமொழி, எது கெமிஸ்தம் வகை என்று ஓர் எம்.ஏ. மாணவர் இரண்டு வருஷத்தில் பிரித்துவிடலாம். 1950களிலும் 60களிலும் அரச கரும மொழித் திணைக்களம் வெளியிட்ட சொற்றொகுதிகளோடு அதை ஒப்பிட வேண்டும். ஆமர் வீதி கராஜ்களிலும் வெள்ளவத்தைத் தையற்கடைகளிலும் இன்று புழங்கும் சொற்களை யாராவது கைபேசியில் பதிய வேண்டும். பழைய ஆட்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். வயரிங் வகுப்புக்கு மும்மொழியில் ஒரு சிறு கைநூல், படத்தோடு. எழுத ஆள் உண்டு, அச்சுக்கூலி இல்லை. அறக்கட்டளையார் காதில் போட்டு வைக்கிறேன். தமிழ்ப் பாடத்தையும் கீழே இறக்குவது பற்றி ஒரு குறிப்பு இருக்கிறது, அதில் என்ன எழுதியிருக்கிறேன் என்று எனக்கே வாசிக்க முடியவில்லை. தலைவர் இரண்டாம் முறை கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். நண்பர்களில் ஒருவர் கேள்வி கேட்கக் கையை உயர்த்தியும் விட்டார்.