கோதாவில் ஒரு வாழ்வு
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் இந்த மேடைக்குச் சற்றுப் புதியது. சண்டையைத் தொழிலாகக் கொண்ட ஒருவரின் வாழ்க்கை அது. சமய மன்றத்திற் சண்டைக்காரனுக்கு என்ன வேலை என்று பெரியோர்கள் நினைக்கக்கூடும். ஆதலின், காரணத்தை முதலிற் சொல்லிவிடுகிறோம்.

சில மாதங்களுக்கு முன் வெள்ளவத்தையில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தோம். வீட்டிலே பெரிய வழக்கு. மகன் பதினேழு வயதுப் பிள்ளை; நமது வகுப்புகளுக்கு ஒழுங்காக வருபவன். உயர்தரப் பரீட்சை எழுதமாட்டேன், கிக்பொக்சிங் பழகி அதையே தொழிலாக்கப் போகிறேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். தாயார் கண்ணைத் துடைத்தபடி இருந்தார். தந்தையாரோ, "சண்டியன் என்று பெயர் எடுக்கவா உன்னைப் பெற்று வளர்த்தோம்?" என்று சினந்தார். பிள்ளை பதில் பேசவில்லை. மேசைக்கு மேலே ஒட்டியிருந்த படம் ஒன்றைக் காட்டினான். அது மைக் ஸாம்பிடிஸ் என்னும் கிரேக்க வீரரின் படம்.

கிரேக்க நாட்டுக்கும் இக்கலைக்கும் உள்ள உறவு பழையது. கி.மு. 648 ஆம் ஆண்டிலேயே அவர்களுடைய ஒலிம்பிக் விழாவிற் குத்தும் மல்லும் கலந்த பங்கிராத்தியோன் என்னும் போட்டி சேர்க்கப்பட்டது. கிக்பொக்சிங் எனப்படுவதோ பிற்காலத்தது. 1960களில் யப்பான் நாட்டில், கராத்தேயும் தாய்லாந்தின் முவாய் தாயும் கலந்து பிறந்தது. 1993 இல் ரோக்கியோவிற் கே-1 என்னும் போட்டி தொடங்கியபின் உலகெங்கும் பரவியது. ஸாம்பிடிஸ் அதென்ஸ் நகரிற் பிறந்தவர், உயரத்திற் குறைந்தவர், 70 கிலோ எடைப் பிரிவில் நின்றவர். 2002 இல் மெல்பேணில் நடந்த கே-1 ஓசியானியப் போட்டியில் வென்று பெயர் பெற்றார். 2015 இல் தம் சொந்த நகரிலேயே கடைசிப் போட்டியை ஆடி விடைபெற்றார்.

உண்மையைச் சொல்கிறோம்: அன்று நாமும் தந்தையார் பக்கமே நின்றோம். "தம்பி, இது நமக்கு ஏற்ற தொழில் அல்ல" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டோம். அப்போது சாய்மனைக் கதிரையில் இருந்த அந்த வீட்டுப் பாட்டனார் மெல்லச் சிரித்தார். "நாங்கள் சின்னப் பொடியன்களாய் இருந்த காலத்தில் தாரா சிங், கிங் கொங் செய்தி வந்த பத்திரிகையை ஆர் முதலில் வாசிக்கிறது என்று அடிபடுவோம். பிறகு அந்தத் தாரா சிங்தானே தொலைக்காட்சியில் அனுமாராய் வந்தவர்? அவரைச் சண்டியன் என்று ஆராவது சொன்னார்களா?" என்று கேட்டார். நாம் வாயடைத்துப் போனோம். வீட்டுக்குத் திரும்பிய பின்னும் அந்தக் கேள்வி எம்மை விடவில்லை. அதன் பயனே இவ்வுரை.

தாரா சிங் 1928 நவம்பர் 19 இல் பஞ்சாபின் அமிர்தசரஸ் மாவட்டத்துத் தர்முசக் என்னும் சிற்றூரில், கமக்காரர் குடும்பத்திற் பிறந்தார். ஆறடிக்கு மேற்பட்ட உயரம், அதற்கேற்ற உடல். 1940களின் பிற்பகுதியிற் பிழைப்புத் தேடிச் சிங்கப்பூருக்குக் கப்பலேறினார். அங்கே தொழிற்சாலையில் வேலை. வேலை முடிந்தபின், கிரேட் வேர்ல்ட் என்னும் இடத்தில் ஹர்னாம் சிங் என்பவரிடம் மல்யுத்தப் பயிற்சி. வேலையை விட்டுவிட்டுப் பயிலவில்லை என்பதைத் தம்பிமார்கள் கவனிக்கவேண்டும். கைத்தொழில் ஒன்று சோறு போட்டது. கலை அதன் நிழலில் வளர்ந்தது.

அங்கே தர்லோக் சிங் என்பவரை வென்று மலாயாவின் சம்பியன் ஆனார். பின்னர் நாடு நாடாகச் சென்று மல்லுக்கு நின்றார். ஹங்கேரியிற் பிறந்த எமில் சாயா என்னும் மாமிச மலை ஒருவர் இருந்தார். கிங் கொங் என்பது அவர் மேடைப் பெயர். அவரோடு தாரா சிங் பொருதிய போட்டிகள் ஆசியா எங்கும் பேசப்பட்டன. 1959 இற் கல்கத்தாவில் ஜோர்ஜ் கோர்டியென்கோவை வென்று கொமன்வெல்த் சம்பியன் ஆனார். 1968 மே 29 இற் பம்பாயில், அமெரிக்கராகிய லூ தெஸ்ஸை வென்று உலக சம்பியன் பட்டம் பெற்றார். 1983 இல் தில்லியில் நடந்த போட்டியோடு கோதாவிலிருந்து விலகினார்.

இங்கே ஒன்றை மறைப்பது நேர்மையாகாது. பணத்துக்காக நடத்தப்பட்ட அந்த மல்யுத்தத்தில் நடிப்பும் கலந்திருந்தது. யார் வெல்வது, எத்தனையாவது சுற்றில் வெல்வது என்பதை முன்பே பேசிவைக்கும் வழக்கம் அத்தொழிலில் உலகெங்கும் உண்டு. ஆனால் நூற்றைம்பது கிலோ எடையைத் தோளிலே தூக்குவதற்கு நடிப்பு உதவாது. அதற்கு உடல் வேண்டும். உடலுக்கு அன்றாடப் பயிற்சி வேண்டும். அவருக்கு முந்திய தலைமுறையில் வாழ்ந்த காமா பயில்வானை நினைத்துப் பாருங்கள். 1910 இல் இலண்டனிற் போலந்து வீரர் ஸ்பிஸ்கோவோடு இரண்டரை மணி நேரத்துக்கு மேற் பொருதியும் முடிவு காணவில்லை. 1928 இற் பட்டியாலாவில் இருவரும் மீண்டும் சந்தித்தனர். ஒரு நிமிடம் செல்லுமுன் காமா வென்றுவிட்டார். ஒரு நிமிட வெற்றிக்குப் பின்னால் எத்தனை வருடத்து வியர்வை!

நிற்க. கோதாவிலிருந்து இறங்கிய பின் ஒரு வீரனின் கதி என்ன? தந்தையார்களின் அச்சமெல்லாம் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. அது வீண் அச்சமும் அன்று. தலையில் திரும்பத் திரும்ப அடிபட்ட குத்துச்சண்டை வீரர்களுக்கு நாளடைவில் நடை தளர்ந்து, பேச்சுக் குழறி, நினைவு மங்குவதை 1928 ஆம் ஆண்டிலேயே மாட்லண்ட் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதிவைத்தார். கைதட்டியவர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். வலி வீரனோடு வீட்டுக்கு வரும்.

தாரா சிங் இதற்கு முன்னமே வழி தேடிக்கொண்டார். மல்யுத்தம் புரிந்துகொண்டிருந்த காலத்திலேயே 1950கள் முதற் படங்களில் நடித்தார். 1962 இல் வெளிவந்த கிங் கொங் என்ற இந்திப் படத்திற் கதாநாயகனாக வந்தார். பின்னாளிற் படம் தயாரித்தார், இயக்கினார், பஞ்சாபில் ஸ்ரூடியோவும் அமைத்தார். 1987, 1988 ஆம் ஆண்டுகளில் இராமானந்த சாகரின் இராமாயணத் தொடரில் அனுமார் வேடம் ஏற்றார். அந்தத் தொடர் நடக்கும் ஞாயிறு காலைகளில் இந்தியாவிலே தெருக்கள் வெறிச்சோடிக் கிடந்தன. அப்போது அவருக்கு வயது அறுபதை நெருங்கியிருந்தது. 2003 முதல் 2009 வரை மாநிலங்களவையில் நியமன உறுப்பினராக இருந்தார். 2012 யூலை 12 இல், 83 ஆவது வயதில் மும்பையிற் காலமானார்.

அனுமார் வேடத்துக்கு அவர் பொருந்தியது உடம்பின் பருமனால் மட்டுமா? மலையைத் தூக்கும் பலம் இருந்தும், கைகூப்பி நிற்பதே அனுமாரின் அழகு. பலமும் பணிவும் ஓருருவில் நிற்கும்போதுதான் நாம் அதைக் கும்பிடுகிறோம். பணிவை விட்ட பலத்துக்கு நம் முன்னோர் இராவணனைக் காட்டினார்கள். அந்தப் பிள்ளையின் தந்தையார் அஞ்சியது சண்டையைக் கண்டு அன்று. பணிவு போய்விடுமோ என்றுதான்.

உடலை வளர்ப்பது சமயத்துக்கு மாறானது என்று எவரும் எண்ணவேண்டாம். 1897 ஜனவரி 15 இற் கொழும்பில் வந்திறங்கிய விவேகானந்த சுவாமிகள், அடுத்த மாதம் சென்னையிற் பேசியபோது, இளைஞருக்கு முதலில் வேண்டியது உடல் வலிமையே என்றார்; தசை வலிமை பெற்றவனுக்குக் கீதையின் பொருள் இன்னும் நன்றாக விளங்கும் என்பது அவர் கருத்து. விளையாட்டையும் கல்வியையும் ஒருங்கே கொண்டுபோகலாம் என்பதற்கு நம்மவர் ஒருவரே சாட்சி. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி மாணவராயிருந்த எதிர்வீரசிங்கம் 1958 இல் ரோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் உயரம் பாய்தலில் இலங்கைக்குத் தங்கம் கொண்டுவந்தார். அமெரிக்கப் பல்கலைக்கழகத்திற் படித்துக் கலாநிதிப் பட்டமும் பெற்றார்.

அந்த வீட்டுக்கு மறுபடியும் போனோம். முதலில் பிள்ளையிடம், முன்னர் கேளாமலே தீர்ப்புச் சொன்னதற்கு வருந்துகிறோம் என்றோம். பிறகு மூன்று சொல்லைக் கேட்டு வாங்கினோம். பரீட்சை எழுதவேண்டும். தலையில் அடிபட்டால் மறைக்காமல் வைத்தியரிடம் போகவேண்டும். பழகிய கையை வீதியில் ஒருநாளும் ஓங்கக்கூடாது. தந்தையாரிடம் ஒன்றே ஒன்று கேட்டோம்: மகன் பழகும் இடத்துக்கு ஒருமுறை போய்ப் பார்க்கவேண்டும்.

அவர் போனார். மூலையில் ஒரு வாங்கில் இருந்து பார்த்தார். பிள்ளைகள் மேடையேறுமுன் ஆசிரியரைக் கும்பிட்டதையும், விழுந்தவனை வீழ்த்தியவனே கைகொடுத்துத் தூக்கியதையும் பின்னர் எமக்குச் சொன்னார். சம்மதம் என்று இன்னும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் செவ்வாய், வியாழன் மாலைகளிற் காலி வீதியிற் பஸ் நெரிசல் கூட என்று, தாமே மகனைக் கூட்டிச் செல்கிறாராம். பிள்ளை இந்த வருடம் பரீட்சைக்கு இருக்கிறான். அவன் எந்த வழியிற் போவான் என்பதை நாம் அறியோம். எந்த வழியிற் போனாலும், திரும்பி வர ஒரு வீடு அவனுக்கு இருக்கிறது.

பெரியோர்களே, வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இத்தகைய வீடுகள் பல உண்டு. பிள்ளை ஒரு படத்தைக் காட்டினால், கிழித்தெறியுமுன் அது யார் என்று கேளுங்கள். தம்பிமார்களே, படத்தில் உள்ளவரின் வெற்றியை மட்டும் பாராதீர்கள். அவர் எங்கே வேலை செய்துகொண்டு பழகினார், இறங்கிய பின் என்ன செய்தார் என்றும் கேட்டறியுங்கள்.