இடிக்கும் குண்டும் எழுப்பும் கையும்



குயவன் பல நாள் வனைந்ததைத் தடிகாரன் ஒரு நாழிகையில் உடைத்துவிடுவான் என்பது தமிழர் பழமொழி. அத்தடிக்கு இயந்திர யுகம் தந்த வடிவமே கட்டடங்களைத் தகர்க்கும் இரும்புக் குண்டு.

பாரந்தூக்கியின் நெடுங்கையிலிருந்து கம்பி வடத்தில் தொங்கும் அக்குண்டு, சில நூறு கிலோ முதல் சில ஆயிரம் கிலோ வரை எடையுள்ளது. ஊஞ்சலைப்போல் அதனைப் பின்னே இழுத்து விட்டால், எடையும் வேகமும் ஒன்றுகூடிச் சுவரைப் பிளக்கும். கைதேர்ந்தவர் இயக்காவிடில் அடுத்த வீட்டுச் சுவரும் தப்பாது. இன்று வேறு இயந்திரங்கள் பெரும்பாலும் அதன் இடத்தைப் பெற்றுவிட்டன. ஆயினும் ஆங்கிலப் பேச்சில் அது உருவகமாக வாழ்கின்றது: முன்பின் பாராது ஒரு குடும்பத்தையோ நிறுவனத்தையோ குலைப்பவரை அக்குண்டு என்பர்.

கொத்மலையில் இரும்புக் குண்டின் வேலையைத் தண்ணீர் செய்தது. மகாவலித் திட்டத்தின்கீழ், கொத்மலை ஓயாவின் குறுக்கே 87 மீற்றர் உயரமும் 600 மீற்றர் நீளமும் உடைய அணை 1985இல் நிறைவுற்றது. 201 மெகாவாட் மின்னாற்றல் நாட்டுக்குக் கிடைத்தது. அதற்கு விலையாக வயல்களும் வீடுகளும் விகாரைகளும் நீரில் ஆழ்ந்தன. குடிகள் வேறிடம் பெயர்ந்தனர். நீர் வற்றும் காலங்களில் கடதொர விகாரையின் சிதைவுகள் வெளியே தோன்றும்.

மூழ்கிய விகாரைகளின் நினைவாக மகாவலி மகாசேய என்னும் தாதுகோபம் 1983இல் தொடங்கப்பெற்று, 2016இலேயே நிறைவெய்தியது. நீர் சில மாதங்களில் மறைத்ததற்கு ஒரு நினைவுச் சின்னம் எழுப்ப முப்பத்து மூன்று ஆண்டுகள் சென்றன. குயவன் கணக்கும் தடிகாரன் கணக்கும் இங்கே கண்கூடு.

இக்கணக்கு மலையகத்துக்கு இன்னும் முடியவில்லை. வெள்ளையர் காலத்து லயக் காம்பராக்களில் பல குடும்பங்கள் இன்றும் நெருங்கி வாழ்கின்றன. தனிக் காணியில் தனி வீடு என்னும் திட்டம் நடைபெறுகின்றது; இந்திய உதவியுடன் மேலும் 10,000 வீடுகள் என்னும் அறிவிப்பு 2017 மே மாதம் நோர்வூட்டில் வெளியாயிற்று. லயங்கள் இடியவேண்டியவையே, அதில் ஐயமில்லை. ஆனால் கூரை இடிந்த அன்றிரவு பிள்ளைகள் எங்கே உறங்குவர் என்பதற்கு விடை முன்னரே இருத்தல் வேண்டும்.

இடிக்க எடை போதும். எழுப்பப் பொறுமை வேண்டும். முதலில் வீடு எழட்டும். பின்னர் லயம் விழட்டும்.