மாதவி கற்ற ஏழாண்டு



இளங்கோவடிகளின் சிலப்பதிகாரத்தில் மாதவி ஐந்தாம் வயதில் ஆடலும் பாடலும் பயிலத் தொடங்கி, ஏழாண்டு கற்றுப் பன்னிரண்டாம் வயதில் அரங்கேறுகிறாள். நம் பிள்ளைகள் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை பயில்வதும் ஏழாண்டே!

1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றியபின் பல ஊரார் குடியேறிய நெய்வேலியில், பிள்ளைகளை ஒன்றாக்கவல்லது பள்ளி மேடை.

1918இல் தி.க. சண்முகம் ஆறு வயதில் சங்கரதாஸ் சுவாமிகளின் பாலர் சபையில் சேர்ந்தார். அன்று சிறுவர் மேடைக்காகப் பள்ளியை இழந்தனர். இன்று பொதுத்தேர்வுக்காக மேடையை இழக்கின்றனர். இரண்டும் இழப்பே.

பிறர் துயரைத் தம் துயராக உணர்வதே அறத்தின் வேர். கண்ணகியாக நடிக்கும் மாணவி அதனை நெஞ்சால் கற்கிறாள். ஆகவே பெற்றோர்களே, பத்தாம் வகுப்பு வந்ததும் வீணையைப் பரண்மேல் ஏற்றிவிடாதீர்கள். வாரம் ஒரு மணி நேரமேனும் ஒதுக்குங்கள்.