நிபுணர் வாக்கும் உண்டியல் விலையும்

(கல்முனையில் வயற்காரரும் ஆசிரியரும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)

   

நாட்டின் பொருளாதாரம் இனி எவ்வாறு செல்லும் என்று நிபுணர்கள் நாள்தோறும் கூறி வருகின்றனர். அவர்களை ஏளனஞ் செய்ய நாம் இங்கு வரவில்லை. ஆனால் ஒரு நிபுணர் சொன்னதை இன்னொருவர் மறுக்கும்போது, யாரை நம்பி விதைப்பது, யாரை நம்பிப் பணத்தைப் போட்டு வைப்பது என்பதற்கு விடை வேண்டுமன்றோ?

2021ஆம் ஆண்டின் பிற்பகுதியை எண்ணிப் பாருங்கள். டொலருக்கு 203 ரூபாவுக்கு மேல் இல்லை என்று மத்திய வங்கி பிடித்து நின்றது. சர்வதேச நாணய நிதியத்தின் கையை நாட வேண்டியதில்லை என்பது அன்றைய ஆளுநர் அஜித் நிவார்ட் கப்ராலின் நிலை. கடனை மறுசீரமையுங்கள், இருக்கும் டொலரை மருந்துக்கும் எரிபொருளுக்கும் வையுங்கள் என்று வேறு பொருளியலாளர் பலர் மன்றாடினர். 2022 ஜனவரி 18இல் 50 கோடி டொலர் முறிக்கடன் அடைக்கப்பட்டது. மூன்று மாதம் நிறையவில்லை. ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட இயலாதென அரசாங்கமே அறிவித்தது.

இரு திறத்தாரும் படித்தவர்களே. ஆயினும் எவர் சொன்னது மெய் என்பதை நம்மூர்த் தாய்மார் முன்பே அறிந்திருந்தனர் என்றால் நீங்கள் சிரிக்கலாகாது. கட்டாரிலும் சவூதியிலும் உழைக்கும் பிள்ளைகளின் பணத்துக்கு வங்கி கொடுத்த விலை ஒன்று. உண்டியற்காரர் கொடுத்த விலை அதனினும் மிகக் கூட. மத்திய வங்கி டிசம்பரில் ஊக்கத்தொகையைப் பத்து ரூபாவாக உயர்த்தியும் பணம் வங்கிப் பக்கம் திரும்பவில்லை. 2020இல் 710 கோடி டொலராக வந்த வெளிநாட்டு உழைப்பாளர் பணம், 2021இல் 549 கோடியாகவும் 2022இல் 379 கோடியாகவும் சுருங்கிற்று. உண்டியல் சட்டத்துக்குப் புறம்பானது. அதை நாம் ஆதரிக்கவில்லை. ஆனால் அவ்விரு விலைகளுக்கிடையே விழுந்த பிளவுதான் அவ்வாண்டின் உண்மையான முன்னறிவிப்பு. 2022 மார்ச்சில் பிடி தளர்ந்தது. மே மாதத்தில் டொலர் 360 ரூபாவை எட்டிற்று.

பொய்த்த வாக்குக்கு விலை கொடுத்தவர் யார்? வட்டி வேண்டாமென்று மார்க்கத்துக்கு அஞ்சிப் பணத்தைப் பணமாகவே வைத்திருந்தவர். 2022 செப்டெம்பரில் விலைவாசி ஓராண்டில் 70 வீதமளவு ஏறியபோது அவர் சேமிப்பு கரைந்தது. 2023இல் ஊழியர் சேமலாப நிதியின் முறிகள் குறைந்த வட்டிக்கு மாற்றப்பட்டன. வங்கிகளின் ரூபா முறிகள் தொடப்படவில்லை. வங்கி விழுந்தால் நாடு விழும் என்ற நியாயம் நமக்கும் விளங்குகிறது. அந்நியாயத்தின் பாரத்தைத் தொழிலாளியின் முதுமைப் பணம் சுமந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். உரத்தடையின் கதையை வயற்காரருக்கு நாம் சொல்லத் தேவையில்லை.

இப்போது நிலைமை தேறிவிட்டது என்கின்றனர். 2024இல் வெளிநாட்டுப் பணம் 657 கோடி டொலருக்கு மீண்டது உண்மையே. கடன் தந்த நாடுகளுக்கு முதலைத் திருப்பிக் கட்டும் காலம் 2028இல் தொடங்குகிறது என்பதும் உண்மையே. ஆகவே தேறிற்று என்பவரிடம், எந்த எண் குறைந்தால் உமது வாக்குப் பொய்க்கும், பொய்த்தால் இழப்பு எவருடையது என்று மரியாதையோடு கேட்போம்.

கேட்பதற்கு இடமும் உண்டு. போகத்துக்கு முந்திய ஆரம்பக் கூட்டத்தில், சேனநாயக்க சமுத்திரத்தில் எவ்வளவு நீர் நிற்கிறதென்று கேட்டே விதைப்புத் திகதி குறிக்கிறோம். நாட்டின் டொலர் கையிருப்பு எவ்வளவு என்றும் அங்கேயே, தமிழிலேயே, உத்தியோகத்தர் சொல்லட்டும். நமது யூரியா வருவது அதிலிருந்துதான்.