துப்பறியும் ஆசிரியரின் கடைசிப் பக்கம்
(பொன்முடியில் நடைபெற்ற ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

   

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய ரயில்வே குமாஸ்தாவாகிய என்னையும் இம்மலை மீது பேசப் பணித்த செயற்குழுவினருக்கு நன்றி. அரிய பொருள் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை. ஆதலின், நான் நன்கறிந்த ஒரு குற்றத்தைப் பற்றிப் பேசுகிறேன். அதைச் செய்தவன் நானே.

என் மகள் மலையாளப் பள்ளியில் பயில்பவள். தமிழ் எழுத்துகளை அவள் தாய் வீட்டில் கற்பித்தாள். ஈராண்டுகளுக்கு முன் அவள் ஒரு துப்பறியும் நாவலை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள். “கொலைக் கதையா படிக்கிறாய்?” என்று சினந்து, அதைப் பறித்துப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். பின்னர் நீதிநூல்கள் பல வாங்கிக் கொடுத்தேன். அவள் ஒன்றையும் தொடவில்லை.

பூட்டிய நூலின் ஆசிரியர் சுஜாதா. ரங்கராஜன் என்பது அவரது இயற்பெயர். குமுதத்தில் ரா. கி. ரங்கராஜன் என்னும் எழுத்தாளர் முன்னரே இருந்தமையால், குழப்பம் நேராதிருக்கத் தம் மனைவியின் பெயரைப் புனைந்துகொண்டார். கணேஷ், வசந்த் என்னும் இரு வழக்கறிஞர்களைப் படைத்துத் தமிழரை உறக்கமின்றிப் படிக்க வைத்தவர். 2008இல் மறைந்தார்.

அவரைக் கொலைக் கதைக்காரர் என்றே எண்ணியிருந்த எனக்கு, நண்பர் ஒருவர் ‘கணையாழியின் கடைசிப் பக்கங்கள்’ என்னும் தொகுப்பைக் கொடுத்தார். கணையாழி, நம்மைப் போல் ஊர் விட்டு வந்த தமிழர் 1965இல் தில்லியில் தொடங்கிய இதழ். அதன் கடைசிப் பக்கத்தில் அவர் ஸ்ரீரங்கம் எஸ். ஆர். என்னும் பெயரில், படித்த நூல், பார்த்த படம், நகர வாழ்வு, நாட்டு நடப்பு என எதையும் எழுதினார். அங்கே கொலை இல்லை. ஆனால் துப்பறியும் கண் இருந்தது. எதையும் கண்டு, காரணம் கேட்டு, பின்னரே நம்பும் கண் அது.

பார்சல் ஆபீசில், சீட்டில் எழுதிய எடையும் தராசு காட்டும் எடையும் ஒவ்வாவிடில் நான் நிறுத்தி விசாரிப்பேன். ஆனால் நாட்டு நடப்பை மட்டும் எடை போடாமலே ஏற்று வந்தேன்! மின்னணு வாக்குப் பொறியை எடுத்துக்கொள்வோம். பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் அப்பொறி உருவானதில் சுஜாதாவுக்கும் பங்குண்டு. நாட்டில் முதன்முதலாக வாக்குப் பொறி பயன்பட்டது 1982இல், இதே கேரளத்துப் பறவூர்த் தொகுதியில். சட்டத்தில் இடமில்லை என்று 1984இல் உச்ச நீதிமன்றம் அவ்வாக்குப்பதிவைத் தள்ளிற்று. 1988இல் சட்டம் திருத்தப்பட்டது. பொறி நல்லதாயினும் சட்டம் எங்கே என்று ஒருவர் கேட்டதன் விளைவு அது. கேட்கும் பழக்கத்தை ஒரு துப்பறியும் கதை வளர்க்குமாயின், அதைப் பூட்டி வைப்பது முறையோ?

அந்நிய மண்ணில் வளரும் குழந்தை, கடமைக்காகத் தமிழ் படிப்பதில்லை. அடுத்த பக்கத்தில் என்ன நடக்கும் என்னும் ஆவலால் படிக்கிறது. அந்த ஆவலைத்தான் நான் பூட்டினேன்.

சென்ற மாதம் பெட்டியைத் திறந்து நூலைக் கொடுத்தேன். “இப்போது நேரமில்லை, அப்பா” என்றாள். மனம் வருந்திற்று. ஆயினும் இன்று காலை கல்லாற்றைக் கடந்து வண்டி ஏறுகையில் அந்நூல் அவள் மடியில் இருந்தது. இருபத்திரண்டு கொண்டையூசி வளைவுகளில் பெரியவர்களே தலைசுற்றிச் சாய்ந்திருக்க, அவள் என் தோளைத் தொட்டு, “அப்பா, ‘வாக்குமூலம்’ என்றால் என்ன?” என்று கேட்டாள்.

பொருள் சொன்னேன். இப்போது உங்கள் முன் அதையே அளித்துவிட்டேன்.

ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். அடுத்த ஆண்டு மலரின் கடைசிப் பக்கத்தை நம் குழந்தைகளுக்கு ஒதுக்குங்கள். படித்ததையும் தெருவில் பார்த்ததையும் அவர்கள் தமிழில் எழுதட்டும். எழுத்துப் பிழை இருப்பினும் அச்சிடுவோம்.