பிள்ளைகளோடு அமர்ந்து காணும் சித்திரப்படம்

ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணி ஆனால் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஜன்னல் திரைகளை இழுத்து மூடிவிடுவோம். இடவப்பாதி மழை தொடங்கிவிட்டால் அந்த வேலையும் மிச்சம். திருவனந்தபுரத்து வானமே அறையை இருட்டாக்கிக் கொடுத்துவிடும். பாயை விரித்து, ஒரு கிண்ணத்தில் ஏத்தங்காய் உப்பேரியை நடுவே வைத்து, ஒன்பது வயது மகளும் ஆறு வயது மகனும் இடத்துக்குச் சண்டையிட்டு ஓய்ந்தபின் படம் தொடங்கும். வாரம் ஒரு படம், அதுவும் சித்திரப்படம். இந்த வழக்கம் எங்கள் வீட்டுக்கு வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அதனால் விளைந்ததைத்தான் நேயர்களிடம் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் பெயர். கலைச்சொல் வகுப்போர் இதனை ‘அசைவூட்டப் படம்’ என்கின்றனர். என் பிள்ளைகள் ‘கார்ட்டூன்’ என்கின்றனர். நான் மத்திய அரசின் அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளன். நாள் முழுதும் கலைச்சொற்களோடு மல்லாடுபவன். வீட்டிலாவது அவற்றுக்கு விடுமுறை அளிக்கலாம் என்று, என் பாட்டனார் காலத்துச் சொல்லாகிய ‘சித்திரப்படம்’ என்பதையே வைத்துக்கொண்டேன்.

சித்திரம் எவ்வாறு நடக்கிறது என்று மகன் ஒருநாள் கேட்டான். பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றின் ஓரத்தில், பக்கத்துக்குப் பக்கம் சற்றே நகரும் ஒரு தவளையை வரைந்து, விரலால் சரசரவென்று புரட்டிக் காட்டினேன். தவளை தாவியது. என் தவளை எலியைப் போல் இருந்தது என்பது வேறு செய்தி. திரையில் ஒரு நொடிக்கு இருபத்துநான்கு படங்கள் ஓடுகின்றன. கையால் வரையும் முறையில் ஒரு சித்திரத்தை இரண்டு படத்துக்கு நிறுத்திவைப்பது வழக்கமாதலால், நொடிக்குப் பன்னிரண்டு சித்திரங்கள் என்று கொள்ளலாம். எண்பது நிமிடப் படத்தில் ஒரே ஒரு பாத்திரம் இடைவிடாது அசைந்துகொண்டிருப்பதானால், அதற்கு மட்டும் 57,600 சித்திரங்கள் வேண்டும். இந்தக் கணக்கை மகளே பெருக்கிப் பார்த்தாள். பெருக்கல் வாய்பாட்டை வெறுப்பவள், அன்று இரண்டு முறை சரிபார்த்தாள்.

இன்று பெரும்பாலான வேலையைக் கணிப்பொறி செய்கிறது. அந்த வேலை நடக்கும் இடங்களுள் ஒன்று நம் ஊரிலேயே, கழக்கூட்டத்துத் தொழில்நுட்பப் பூங்காவிலேயே உண்டு. டூன்ஸ் என்னும் நிறுவனம் 1999-இல் அங்கே தொடங்கப்பெற்றது. விசயநகரத்து விகடகவி தெனாலிராமனின் கதைகளைத் தொலைக்காட்சித் தொடராக்கியவர்கள் அவர்கள்தாம். பேருந்தில் ஏறினால் போய்ச் சேர்ந்துவிடக்கூடிய இடத்தில் இவை பிறக்கின்றன என்று சொன்னபோது பிள்ளைகள் நம்பவில்லை. சித்திரப்படம் என்றால் கடலுக்கு அப்பாலிருந்து வருவது என்று அவர்களும் முடிவு செய்து வைத்திருந்தார்கள் போலும்.

என் சொந்த அனுபவம் ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். நான் நாகர்கோவிலில் வளர்ந்தவன். எங்கள் பள்ளியில் இந்தி கிடையாது. 1990-களின் தொடக்கத்தில் தூர்தர்ஷனில் ஞாயிறுதோறும் ஜப்பானியர் தயாரித்த ‘ஜங்கிள் புக்’ தொடர் இந்தியில் வந்தது. மோக்ளி என்ற காட்டுச் சிறுவன் கரடியோடும் கருஞ்சிறுத்தையோடும் பேசிய மொழியை, அவர்கள் முகத்தைப் பார்த்தே நான் புரிந்துகொண்டேன். இன்று இந்தியிலும் ஆங்கிலத்திலும் கோப்புகளை மாற்றி எழுதிச் சம்பளம் வாங்குகிறேன் என்றால், அதற்குப் பிள்ளையார் சுழி போட்டது ஒரு கரடிதான். வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. சொல்லையும் செயலையும் ஒருசேரக் காட்டும் சித்திரம், குழந்தைக்கு அகராதியாகிறது.

பிற்காலத்தில் தமிழிலேயே இவ்வகைப் படங்கள் வந்தன. 2007-இல் சுட்டி டிவி தொடங்கியபின், ‘டோராவின் பயணங்கள்’ பார்த்த பிள்ளைகள் அந்த டோராவைப் போலவே நிறுத்தி நிறுத்தித் தமிழ் பேசத் தொடங்கியது பலருக்கு நினைவிருக்கும். அந்தத் தமிழைப் பழித்தவர்கள் உண்டு. நான் பழிக்கமாட்டேன். ஆங்கிலச் சொல்லின் முடிவில் உதடு மூடினால் தமிழிலும் அங்கே ஒரு ‘ம’வோ ‘ப’வோ வந்து விழவேண்டும். வினைச்சொல்லை இறுதியில் வைக்கும் நம் மொழியில் அது எளிதன்று. அலுவலகத்தில் எனக்குக் காலக்கெடு ஒன்றே பகை. அவர்களுக்கோ பாத்திரத்தின் வாயும் பகை.

இனி வீட்டுக்கு வருகிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் என் தந்தையார் காலமானார். நாகர்கோவில் வீட்டைப் பூட்டிவிட்டு என் தாயார் எங்களோடு வந்துவிட்டார். இங்கே பிள்ளைகள் பள்ளியில் ஆங்கிலமும் தெருவில் மலையாளமும் பேசுகின்றனர். தமிழ் அவர்களுக்குக் காதால் கேட்கும் மொழியாகவே நின்றுவிட்டது. தாயாருக்கு மலையாளம் விளங்கும். தென் திருவிதாங்கூரில் பிறந்தவருக்கு அது விளங்காதா? ஆனால் பேசமாட்டார். ஆச்சி தமிழில் ஒன்று கேட்பார். குழந்தை மலையாளத்தில் ஒரு சொல்லில் பதில் சொல்லி ஓடிவிடும். சோறு ஆயிற்றா, ஆயிற்று. பள்ளி விட்டதா, விட்டது. அதற்குமேல் உரையாடல் வளரவில்லை. ஆச்சி மாலை வேளைகளில் பின்கட்டில் தனியே அமர்ந்திருப்பார். பிள்ளைகளோ கைபேசியை ஆளுக்கொரு மூலையில் வைத்துக்கொண்டு ஆளுக்கொரு கார்ட்டூன் பார்ப்பார்கள். நானும் அதற்கு உடந்தையே. வீடு அமைதியாக இருந்ததல்லவா?

அந்த அமைதி நல்லதன்று என்று எனக்குப் பட்டபோதுதான், கைபேசிகளை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, எல்லோரும் ஒரே திரையில் ஒரே படம் பார்ப்பது என்று ஏற்பாடு செய்தேன். ஆங்கிலப் படமாயின் நானே ஆச்சிக்கு அருகில் அமர்ந்து, ஓடும் படத்தோடு ஓடித் தமிழில் சொல்வேன். கோப்பில் ஒரு சொல்லுக்கு அரை மணி யோசிக்கலாம். இங்கே யோசித்தால் அடுத்த காட்சி வந்துவிடும். “அவன் என்ன மக்களே சொல்லுகான்?” என்று தாயார் முழங்கையால் இடிப்பார்.

ஒருவர் குரலில் அத்தனை பாத்திரங்களும் பேசுவது தாயாருக்குப் புதிதன்று. அவர் சிறுவயதில் நாஞ்சில் நாட்டுக் கிராமங்களில் தோற்பாவைக் கூத்து நடக்கும். வெள்ளைத் திரை, பின்னே விளக்கு, தோலில் வெட்டி வண்ணம் தீட்டிய பாவைகள். வீட்டில் மராத்தி பேசும் கலைஞர் ஒருவர், திரைக்குப் பின்னிருந்து இராமனாகவும் சீதையாகவும் தமிழில் பேசுவார். இடையே உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வந்து வயிறு குலுங்கச் சிரிக்கவைப்பார்கள். உச்சிக்குடும்பனின் குரலை ஆச்சி ஒருநாள் செய்து காட்டியபோது, என் மகன் தரையில் உருண்டு சிரித்தான். இத்தனை நாள் இவர் இதை எங்கே வைத்திருந்தார்!

நம் கேரளத்திலும், பாலக்காட்டுப் பக்கத்துப் பகவதி கோயில்களில் கூத்துமாடம் கட்டி, இருபத்தொரு விளக்கேற்றி, இதே தோற்பாவைகளை ஆட்டுகிறார்கள். அங்கே பாடப்படுவது கம்பராமாயணம். மலையாள மண்ணில் தேவியின் திருமுன் தமிழ்ப் பாட்டு! அக்கலையில் வழிவழியாக வந்த இராமச்சந்திரப் புலவருக்கு 2021-இல் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பெற்றது. சித்திரத்தை அசையவிட்டுக் கதை சொல்வதை நாம் அமெரிக்காவிடமிருந்து கற்றுக்கொண்டோம் என்று எண்ணுபவர்கள், ஒரே ஒரு இரவு அந்த மாடத்தின் முன் அமர்ந்து பார்க்கலாம்.

எங்கள் படங்களில் சில தோற்றதும் உண்டு. இடைவிடாமல் ஓடி, மோதி, வெடித்துக்கொண்டே இருக்கும் படங்கள் இப்போது மிகுதி. அவற்றில் குழந்தை கேள்வி கேட்க இடமில்லை. ஆச்சிக்கு நான் சொல்ல இடமில்லை. படம் முடிந்தபின் யாருக்கும் எதுவும் நினைவில் நிற்பதில்லை. அவற்றை நாங்கள் விட்டுவிட்டோம். ஜப்பானிய இயக்குநர் மியசாகி 1988-இல் எடுத்த ‘டோட்டோரோ’ என்ற படத்தில் நிகழ்ச்சி என்று சொல்லத்தக்கது சிறிதே. தாய் மருத்துவமனையில் இருக்கிறாள். தந்தையும் இரு பெண் குழந்தைகளும் கிராமத்து வீட்டுக்குக் குடிவருகிறார்கள். மழையில் பேருந்து நிறுத்தத்தில் அக்காளும் தங்கையும் காத்து நிற்க, காட்டில் வாழும் பெரிய உருவம் ஒன்று அருகே வந்து நிற்கிறது. அக்காள் ஒரு குடையை அதற்கு நீட்டுகிறாள். குடைமேல் துளி விழும் ஓசையில் அது மகிழ்ந்துபோகிறது. அவ்வளவுதான். என் ஆறு வயது மகன் அசையாமல் இருந்தான். எங்கள் ஓட்டுக்கூரையிலும் அப்போது மழை பெய்துகொண்டிருந்தது. அந்தப் படத்துத் தந்தை எப்போதும் மேசைமேல் தாள்களைப் பரப்பி எழுதிக்கொண்டிருப்பவர். ஆயினும் மகள் வனத்தில் ஓர் உருவத்தைக் கண்டேன் என்றபோது, அவளை நம்புகிறார். நான் அதைச் சற்றுக் கூச்சத்தோடுதான் பார்த்தேன்.

இந்தியரும் ஜப்பானியரும் கூடி 1990-களின் தொடக்கத்தில் முடித்த இராமாயணச் சித்திரப்படம், 2025 சனவரியில் தமிழ்க் குரலோடும் திரைக்கு வந்தது. யூகோ சாகோ என்ற ஜப்பானியரின் வேட்கையால் பிறந்தது. நம் நாட்டு ராம் மோகனும் அதன் இயக்குநர்களுள் ஒருவர். நல்ல வேலைப்பாடு. எனினும், “கூத்துல வாற ராவணன் சிரிச்சா வயித்துக்குள்ள குளிரும், இவன் அப்படி இல்லை” என்று தாயார் தீர்ப்பளித்துவிட்டார்.

இவற்றுள் எங்கள் வீட்டை மாற்றிய படம் வேறொன்று. 2017-இல் வெளிவந்த ‘கோகோ’. மெக்சிக்கோ நாட்டில் ஆண்டுக்கொருமுறை, இறந்த முன்னோரின் படங்களை வைத்து, உணவு படைத்து, மலர் தூவி அழைப்பார்கள். பாட்டே கூடாது என்று விலக்கிய ஒரு குடும்பத்துச் சிறுவன் மிகேல், அந்நாளில் முன்னோர் உலகத்துக்குள் போய்விடுகிறான். வீட்டில் யாருடைய படம் வைக்கப்படவில்லையோ அவர் இப்பக்கம் வர முடியாது. உலகில் கடைசியாக நினைப்பவரும் மறந்துவிட்டால் அவர் முற்றிலும் இல்லாமற் போவார். ஆடி அமாவாசைக்கு நாகர்கோவிலிலும், கர்க்கடக வாவுக்குச் சங்குமுகத்திலும் திருவல்லத்திலும் பிண்டமிட்டுக் காகத்தை அழைக்கும் நமக்கு இதனை விளக்க வேண்டுமா? அந்தப் படத்தில் இரு உலகுக்கும் நடுவே பூவிதழ்களாலான பாலம் ஒன்று ஒளிர்கிறது. “கேந்திப்பூ!” என்றார் தாயார், நான் வாய் திறக்குமுன். தோவாளைப் பூச்சந்தையில் குவியல் குவியலாகக் கிடக்கும் அதே கேந்திதான். அதன் தாயகமே மெக்சிக்கோ என்று சொன்னேன். “அங்கயிருந்தா நம்ம ஊருக்கு வந்துது?” என்று அவர் வியந்தார்.

படத்தின் முடிவில், நினைவு மங்கிய பூட்டியின் முன் மிகேல் அமர்ந்து, அவள் சிறுமியாயிருந்தபோது அவள் தந்தை பாடிய பாட்டைப் பாடுகிறான். கிழவியின் விரல் அசைகிறது. என்னால் மொழிபெயர்க்க முடியவில்லை. தொண்டை அடைத்துக்கொண்டது. என் தந்தையாரின் படத்தை, தாயார் பார்த்துப் பார்த்து அழுகிறாரே என்று, நானே எடுத்து உள்ளறை அலமாரியில் வைத்திருந்தேன். அவரைப் பற்றிக் குழந்தைகள் முன் பேசுவதையும் நிறுத்தியிருந்தேன். அதை ஆறுதல் என்று எண்ணியிருந்தேன்.

“என்ன மக்களே சொல்லுகான்?” என்று ஆச்சி கேட்டார். நான் பேசாதிருக்கக் கண்டு, என் மகள் என்னைத் தாண்டி ஆச்சியின் பக்கம் நகர்ந்தாள். “ஆச்சி, அந்த அம்மூம்மைக்கு அவளோட அச்சனை ஓர்மை வந்துட்டு” என்றாள். மூன்று ஆண்டில் அவள் ஆச்சியிடம் சொன்ன முதல் நீண்ட வாக்கியம் அது. பாதி மலையாளம் என்று திருத்த நா எழுந்தது, அடக்கிக்கொண்டேன். “ஆமா, ஓர்மை வந்துட்டு” என்று தாயாரும் அதே சொல்லைச் சொன்னார். நாஞ்சில் நாட்டிலும் நினைவுக்கு ஓர்மை என்றுதானே பெயர்! மிச்சப் படம் முழுவதையும் மகளே சொல்லி முடித்தாள்.

விளக்கைப் போட்டதும் மகன் கேட்டான், “நம்ம பாட்டா படம் எங்கே?” நான் அலமாரியைத் திறந்து எடுத்துவந்தேன். ஆச்சி முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தார். “பாட்டா கிட்டார் வாசிப்பாரா?” என்பது அடுத்த கேள்வி. இல்லை என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள் தாயார் சொன்னார்: “கிட்டார் எங்க? கல்யாணத்துக்கு முந்தி வில்லுப்பாட்டுல குடம் அடிப்பாரு. சுடலைமாடன் கோயில் கொடைக்கு விடிய விடிய அடிச்சு, கை வீங்கி வருவாரு.”

நாற்பது ஆண்டுகளாக அவருடைய மகனாயிருந்த எனக்கு அது தெரியாது. பிள்ளைகள் ஆச்சியின் இரு பக்கமும் அமர்ந்துகொண்டனர். குடத்தை எப்படி அடிப்பது என்று காட்டச் சொல்லி, மகன் அடுக்களையிலிருந்து ஒரு குடத்தைத் தூக்கிவந்தான்.