கறையும் சாயமும்

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற தையல் ஆசிரியை ஒருவர் நிகழ்த்திய உரை)



வருகின்ற திருவிழாக் காலத்திலே கையால் தைத்த பைகளும் விரிப்புகளும் விற்று, அப்பணத்தில் மாலை வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொப்பியும் புத்தகமும் வாங்கிக் கொடுப்பதெனத் தீர்மானித்திருக்கிறீர்கள் என்று உங்கள் செயலாளர் எழுதியிருந்தார். அத்துணிகளுக்கு வேண்டிய சாயத்தை அடுக்களைக் கழிவுகளிலிருந்தே எடுப்பதாகவும் எண்ணமாம். அதுபற்றிப் பேச என்னை அழைத்தமைக்கு நன்றி. நான் 35 ஆண்டுகள் பிள்ளைகளுக்கு ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுத்தவள். மேடைப் பேச்சு எனக்குப் பழக்கமன்று. ஆதலால் வகுப்பிலே சொல்வது போலவே சொல்லிவிடுகிறேன். பெரியோர் பொறுத்தருள வேண்டும்.

வாழைக்குலை வெட்டப் போனவன் சட்டையிலே கயர் பட்டுவிட்டால் வீட்டில் என்ன நடக்கும் என்பது இங்குள்ள தம்பிமாருக்குத் தெரியும். எத்தனை முறை துவைத்தாலும் அக்கறை போகாது. சவர்க்காரம் பட்டால் இன்னும் கறுக்கும். மாதுளங்கோதும் பாக்கும் தேயிலைச் சாயமும் இவ்வாறானவையே. ஆனால் பீற்றூட் கறியை மடியில் கொட்டிக்கொண்ட பிள்ளையின் சட்டையோ, பார்ப்பதற்குப் பயங்கரமாகச் சிவந்திருந்தாலும், இரண்டு துவைப்பில் வெளுத்துவிடும். கண்ணுக்கு எடுப்பாகத் தெரிவது ஒன்று. துணியை விடாமற் பிடித்துக்கொள்வது மற்றொன்று. சாயத் தொழிலின் பாதி இந்த வேறுபாட்டை அறிவதிலேயே இருக்கிறது.

இதனை நான் அவமானப்பட்டே கற்றுக்கொண்டேன். ஆசிரியையாகச் சேர்ந்த புதிதில், பள்ளிக்கூடக் கண்காட்சிக்கென்று 12 கைக்குட்டைகளைப் பிள்ளைகளைக் கொண்டு தைப்பித்து, பீற்றூட் அவித்த நீரில் தோய்த்து, செம்பரத்தம்பூப் போல் ஒளிர வைத்தேன். வந்தவர்கள் எல்லோரும் புகழ்ந்தார்கள், பன்னிரண்டும் விற்றுப்போயின. ஒரு கிழமை கழித்து ஒரு தாயார் தம் கைக்குட்டையை எடுத்துக்கொண்டு வந்து, ஒன்றும் பேசாமல் என் மேசைமீது வைத்தார். அது சாம்பல் பூசிய வெள்ளையாய் இருந்தது. காசைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொள்ளாமற் போய்விட்டார். வாங்கியிருந்தால் எனக்கு இவ்வளவு நினைவிராது.

ஆகவே உங்கள் விற்பனைக்கு முதல் வேண்டுகோள்: பீற்றூட்டை அடுப்பிலே கறியாகவே இருக்க விடுங்கள்.

மஞ்சளின் கதை வேறு. மஞ்சள் துணியை உடனே பற்றும். நாம் புதுத் துணியின் மூலையில் மஞ்சள் தடவுகிறோம். நேர்த்திக் காசை மஞ்சள் தோய்த்த சீலையில் முடிந்து வைக்கிறோம். அவையெல்லாம் அவ்வப்போதைய தேவைக்கு உரியன. ஆனால் வெயிலில் உலரவிட்டால் மஞ்சள் சில நாட்களில் மங்கிப்போகும். மேலும் ஆலாத்தித் தட்டை நினைத்துப் பாருங்கள். மஞ்சள் நீரிலே சிறிது சுண்ணாம்பு இட்டதும் அது சிவக்கின்றதன்றோ? சவர்க்காரத்திலும் சுண்ணாம்பைப் போன்ற காரத்தன்மை உண்டு. மஞ்சள் தோய்த்த பையைச் சவர்க்காரம் போட்டுத் துவைத்தால் அங்கங்கே சிவப்புத் திட்டுகள் விழும். வாங்கியவர் உங்களைப் பற்றி என்ன நினைப்பார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி, நிற்கும் சாயத்துக்கு வருவோம். துவர்ப்புள்ள பொருள்கள் பருத்தியைப் பற்றும் என்பதை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். கடற்றொழிலாளர் நூல் வலைகளைப் பனிச்சங்காய்ச் சாற்றில் தோய்த்துப் பதப்படுத்தினார்கள். நைலோன் வலை வந்தபின் அவ்வழக்கம் ஒழிந்தது. நம் மண்ணில் விளைந்த சாயம் இன்னொன்றும் உண்டு. சித்த வைத்தியர் இம்பூறல் என்று சொல்லும் சிறு பூண்டின் வேரே சாயவேர். மன்னாரிலும் யாழ்ப்பாணத்து மணற்பாங்கான நிலங்களிலும் அதனைக் கிண்டியெடுத்தார்கள். ஒல்லாந்தர் ஆட்சிக் காலத்தில் அது கும்பனியாரின் வருமானங்களுள் ஒன்றாகவே இருந்தது. அந்த வேரின் சிவப்புக்குக் காரணமான பொருளுக்கு அலிசரின் என்று பெயர். 1856 இல் பேர்க்கின் என்னும் 18 வயது ஆங்கில இளைஞர் நிலக்கரித் தாரிலிருந்து ஊதாச் சாயம் கண்டார். 1868 இல் கிரேபே, லீபர்மன் என்னும் ஜேர்மனியர் இருவர் அலிசரினையே ஆய்கூடத்தில் ஆக்கிவிட்டனர். அதன்பின் வேர் கிண்டுவோருக்கு எங்கும் வேலையில்லாமற் போயிற்று.

இதிலே நம் நாட்டோடு தொடர்புடைய ஓர் அம்மையாரை நினைவுகூர விரும்புகிறேன். கலாயோகி ஆனந்த குமாரசுவாமியை அறியாதவர் இச்சபையில் இரார். அவர் 1902 இல் மணந்த எதெல் அம்மையார், அவருடன் இலங்கைக்கு வந்து, கண்டிப் பகுதிக் கைவினைஞரின் தொழில்களை ஊரூராகச் சென்று பார்த்துக் குறிப்பெடுத்தும் படமெடுத்தும் உதவினார். 1908 இல் குமாரசுவாமி வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலில் அவ்வுழைப்பும் கலந்திருக்கிறது. பின்னர் இருவரும் பிரிந்தனர். அம்மையார் இங்கிலாந்தில் கைத்தறி நெய்பவராக வாழ்ந்து, 1916 இல் தாவரச் சாயங்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். ஆலைச் சாயம் உலகையே ஆண்ட அந்நாளில், இலையையும் வேரையும் காய்ச்சுவதைப் பற்றி ஒருவர் எழுதத் துணிந்தாரே என்று நான் வியப்பதுண்டு.

நிற்க. செய்முறையைச் சொல்லாமல் பழங்கதை பேசிக்கொண்டிருந்தால் தங்கைமார் கொட்டாவி விடுவர்.

துணி பருத்தியாய் இருத்தல் வேண்டும். ஐயமானால் ஓர் இழையை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி கடதாசி எரிவது போல் மணந்து மெல்லிய சாம்பலாகும். பொலியெஸ்டர் உருகிக் கறுத்த மணியாய் இறுகும். நூலுக்கும் இதே சோதனைதான். சென்ற மாதம் உங்கள் சங்கத்துத் தங்கை ஒருத்தி எனக்குக் காட்டிய பை அழகாகத் தைக்கப்பட்டிருந்தது. ஆனால் தைத்த பின் சாயத்தில் இட்டதால், துணி பொன்னிறமாகவும் தையல் பளிச்சென்ற வெள்ளையாகவும் இருந்தன. பொலியெஸ்டர் நூல் இந்தச் சாயத்தை ஏற்காது. அவள் வேலையில் பிழையில்லை. கடைக்காரர் கொடுத்த நூலை வாங்கிவிட்டாள்.

முதலில் துணியைச் சலவைச் சோடா இட்ட நீரில் ஒரு மணி நேரம் அவிக்க வேண்டும். புதுத் துணியானால் மஞ்சளித்த அழுக்கு நீர் இறங்குவதைக் காண்பீர்கள். கஞ்சியும் எண்ணெய்ப் பசையும் அவ்வாறு போனால்தான் சாயம் ஒரு சீராகப் பிடிக்கும். இதைச் செய்யாமல் விட்டுப் பின்னர் சாயத்தைக் குறை சொல்வோரே அதிகம். அடுத்தது துவர்ப்பூட்டல். 500 கிராம் நிறையுள்ள துணிக்கு, அதாவது ஏறக்குறைய ஒரு பருத்திச் சேலைக்கு, 100 கிராம் கடுக்காய்த் தூள் போதும். கடுக்காய் இல்லையேல் உலர்ந்த மாதுளங்கோதை இடித்து அவித்த நீர். ஓரிரவு ஊறவிட்டுப் பிழிந்து, அலசாமல் உலர்த்துக. பின்பு 75 கிராம் படிகாரத்தைச் சுடுநீரில் கரைத்து, அதில் சில மணி நேரம் ஊறவிட்டு மறுபடி உலர்த்துக. படிகாரமே சாயத்தையும் இழையையும் பிணைக்கும் முடிச்சு. இத்தனையும் ஆகும்வரை துணியில் நிறமென்று சொல்லத்தக்கது ஒன்றுமிராது. இளைஞர்களுக்குப் பொறுமை போவது இந்த இடத்திலேதான்.

இனிச் சாயம். நம்மூர்ச் சின்ன வெங்காயத்தின் உலர்ந்த தோலைப் போல எளிதில் கிடைப்பதும் நன்றாக நிற்பதும் வேறில்லை. துணியின் நிறைக்குப் பாதியாவது தோல் வேண்டும். காற்றுக்குப் பறக்கும் பொருளில் 250 கிராம் என்றால் ஒரு சாக்கு நிறைய இருக்கும்! ஆகையால் ஒரு வீட்டுத் தோல் போதாது. சந்தையில் கேட்டால் தருவார்கள். ஒரு மணி நேரம் அவித்து, வடித்து, ஆறியபின் நனைத்த துணியை இட்டு, கொதிக்க விடாமல் மெல்லிய சூட்டில் மேலும் ஒரு மணி நேரம் வைத்து, அடிக்கடி புரட்டி, இரவு முழுவதும் அதிலேயே விடுங்கள். புரட்டாவிட்டால் மாட்டின் புள்ளிபோல் திட்டு விழும். நிழலில் உலர்த்திச் சில நாள் கழித்தே அலச வேண்டும். பொன்னும் பழுப்பும் கலந்த நிறம் வரும். நம் கிணற்று நீர் சுண்ணாம்புக் கற்பாறையில் ஊறியது. மழைநீரில் காய்ச்சினால் அதே தோல் வேறு சாயல் தரும்.

கரும்பச்சையோ சாம்பல் நிறமோ வேண்டுமானால் துருப்பிடித்த ஆணிகளை வினாகிரியில் இரண்டு கிழமை ஊறவிட்டு, அந்நீரில் சில துளி சேர்க்கலாம். அளவு மீறினால் இரும்பு துணியை அரித்துவிடும். சாயம் காய்ச்சிய பாத்திரத்தில் மறுபடி சோறு சமைக்க வேண்டாம்; ஒரு பழைய மண்பானையைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

கூட்டத்துக்கு முன் ஒரு பெரியவர் என்னிடம் ஒன்று கேட்டார். விரத நாளில் விலக்கும் வெங்காயத்தின் தோலில் தோய்த்த பையிலே தேவாரப் புத்தகத்தை வைக்கலாமோ என்பது அவர் ஐயம். சிரித்துத் தள்ளத்தக்க கேள்வியன்று. ஆசாரத்துக்குத் தீர்ப்புச் சொல்ல நான் கற்றவளல்லேன். ஆனால் வழியுண்டு. மாதுளங்கோதும் கடுக்காயும் படிகாரத்தோடு தாமே நல்ல மஞ்சள் நிறம் தரும். கோயிலுக்கு எடுத்துச் செல்லும் பைகளை அவற்றில் தோயுங்கள். சந்தைப் பைக்கு வெங்காயத்தோல் இருக்கட்டும். எது எதில் தோய்த்தது என்று ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி ஒவ்வொன்றிலும் கட்டிவிடுங்கள்.

தையலைப் பற்றிச் சில வார்த்தை. விரிப்புக்கு நூலோடல் தையலே போதும். வங்காளத்துப் பெண்கள் பழஞ்சேலைகளை அடுக்கி, அச்சேலைக் கரையிலிருந்து உருவிய நூலாலேயே ஓடிக் காந்தா என்னும் விரிப்பைச் செய்கிறார்கள். தையல் கால் அங்குலத்துக்கு மேற்படாமலும், நூலை இழுத்துச் சுருக்காமலும் இருந்தால் சரி. கோணினாலும் பாதகமில்லை. பையின் பிடிக்கு மட்டும் பின்தையல் இடுக. நூலோடல் பாரம் தாங்காது.

இந்த மேசையில் மடித்து வைத்திருப்பது அப்படியான ஒரு விரிப்பு. இதைப்பற்றிச் சொல்வதா விடுவதா என்று வீட்டிலே யோசித்தேன்.

என் தகப்பனார் 1988 இல் காலமானார். அம்மா அன்றிலிருந்து வெள்ளையே உடுத்தார். 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடையின்போது சவர்க்காரம் கிடைப்பதே அரிது. பனம்பழம் பிசைந்து துவைத்தோம். கொடியில் காயப்போட்டால் மாடு வந்து சீலையைச் சப்பும். அவ்வாறு நைந்த வெள்ளைச் சேலைகள் வீட்டில் ஐந்தாறு கிடந்தன. 1993 இல் அம்மா நோயாய்ப் படுத்தபோது, அவற்றை மூன்று மடியாக அடுக்கி ஒரு விரிப்புத் தைத்தேன். நடுவும் அடியும் வெள்ளை. மேல்மடியை மட்டும் வளவிலே நின்ற மாதுளையின் கோதிலும் நாட்டு மருந்துக்கடைப் படிகாரத்திலும் ஊறவிட்டு, வெங்காயத்தோலில் தோய்த்தேன்.

அம்மா பார்த்துவிட்டு, "எனக்கேன் பிள்ளை இந்த நிறம்? சனம் என்ன சொல்லும்?" என்றார்.

"நிறமில்லை அம்மா, வெங்காயத்தோல்," என்றேன்.

அவர் மறுக்கவில்லை. யாரேனும் பார்க்க வந்தால் வெள்ளைப் பக்கத்தை மேலே வைப்பார். விளக்கணைத்த பின் புரட்டிக்கொள்வார். அது எனக்குத் தெரியுமென்று அவருக்கும் தெரியும். இருவரும் அதைப்பற்றிப் பேசியதில்லை.

1995 ஒக்டோபர் 30 ஆம் நாள் வலிகாமத்தை விட்டு எல்லோரும் புறப்பட்டபோது, நாங்கள் எடுத்துச் சென்ற சில பொருள்களில் இதுவும் ஒன்று. தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையிலே ஐந்து குடும்பங்கள் படுத்தோம். அங்கே எந்தப் பக்கத்தை மறைப்பது? ஒருநாள் காலை பக்கத்துக் குடும்பத்துப் பெண் ஒருத்தி விரிப்பின் பொன்னிறத்தைத் தடவிப் பார்த்து, "ஆர் அம்மா இதைத் தைச்சது?" என்று கேட்டாள். "என்ர மகள்தான், சாயமும் அவள்தான் போட்டவள்," என்றார் அம்மா. அதன்பின் வெள்ளைப் பக்கம் மேலே வந்ததை நான் கண்டதில்லை.

நிறம் மங்கவேயில்லை என்று சொன்னால் பொய்யாகும். பொன்னிறமாய் இருந்தது இன்று வைக்கோல் நிறமாய் இருக்கிறது. தையலோரத்து மடிப்பை விரித்துப் பார்த்தால் பழைய நிறம் தெரியும். கூட்டம் முடிந்தபின் யாவரும் வந்து பார்க்கலாம். தேநீர் குடித்த கையைக் கழுவிவிட்டு வாருங்கள்.

அடுத்த சனிக்கிழமை காலை 9 மணிக்கு மண்டபத்தின் பின்புறத்தில் அடுப்பு மூட்டுவோம். ஒவ்வொருவரும் ஒரு பழைய பருத்தி வேட்டியோ சேலையோ, கையில் அகப்படும் அளவு வெங்காயத்தோலோ கொண்டுவருக. தோல் ஈரமில்லாமல் இருக்கவேண்டும். பூஞ்சணம் பிடித்தது வேண்டாம். துணியை முன்னாளே சோடாவில் அவித்துக் கொண்டுவருவோருக்கு முதலிடம்.